சனிக்கிழமை நீ சலூனுக்குப் போக வேண்டாம்

புந்தோங், ஈப்போ
வியாழக்கிழமை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே சர்க்கரை ஏறாமல், பிரஷர் ஏறாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். நீ அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும், சாமி விளக்கு ஏற்றும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் எனக்குக் குரல் போய்விடும், அந்தப் பக்கம் நீ அழுவாய், கடைசியில் இரண்டு பேரும் சாப்பிட்டாயா சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவோம். எழுதினால் முழுக்கச் சொல்லி முடிக்கலாம். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் நியூசிலாந்துக்கு வந்து சேராது, அதனால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். லாரி ஓட்டினவன் கையெழுத்து, குண்டும் குழியுமாகத்தான் இருக்கும், மெதுவாகப் படி.

இங்கே ஒரே மழை. பின்கட்டுக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன், ஆள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் மாமா பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் கொண்டுவந்தார். முழங்கால் வலி குறையவில்லையாம், ஆனாலும் தன் அக்கா, உன் அம்மாவின் வருஷத் திதிக்கு எல்லா வேலையையும் தானே செய்கிறேன் என்கிறார். பந்தல், சமையல், ஐயர் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் இருக்கும்போதுதான் நீ போன் பண்ணினாய். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் சந்தோஷப்பட்டேன். அடுத்தபடியாக நீ சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "சனிக்கிழம சலூன்ல ரீபாண்டிங் பண்ணப் போறேம்பா, முடிய நேராக்கிட்டுத்தான் வருவேன். பெட்டியில அம்மாவ பாத்தப்பவே சொல்லிட்டேன், அம்மா ஒங்களுக்குப் புடிச்ச மாதிரியே நானும் பண்ணிக்கிறேன்னு" என்று சொன்னாய். நான் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குச் சோற்றைக் கூட அடிப்பிடிக்க விட்டுவிட்டேன், மாமாதான் வந்து அடுப்பை அணைத்தார்.

பாப்பா, நீ போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். மாமா மகள் கல்யாணத்தில் நடந்ததை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். நீ நியூசிலாந்திலிருந்து உன் நெளிமுடியை அப்படியே விரித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தாய். எனக்கு அழகாகத்தான் இருந்தது. உன் அம்மா மண்டப வாசலில், அத்தனை பேர் முன்னாலே, "என்னாடி இது பேய் புடிச்ச மாதிரி, போயி வாரிக் கட்டிட்டு வா, இல்லன்னா சபையில வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டாள். நீ சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாய். லீவு முடியும் முன்பே ஏறிப் போய்விட்டாய். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசினது எல்லாம் மருந்து சாப்பிட்டிங்களா, அங்க மழையா என்கிற அளவில்தான். அம்மா கடைசி வரைக்கும் உன்னைப் பார்த்து வெட்கப்பட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அவள் ஏன் அப்படி இருந்தாள் என்று நீ கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள். அந்த முடி எண்ணெய்க்கும் அடங்காது, பின்னலுக்கும் அடங்காது. பேன் தலை என்று பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்களாம். பேனே கிடையாது, முடிதான் அப்படி. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே ஈப்போவில் சேலைக் கடையில் வேலைக்குப் போனாள். அங்கே முதலாளியின் சம்சாரம், "விமலா, இந்தத் தலையோட முன்னுக்கு நிக்காத, சேல வாங்க வர்றவங்க மொகத்த சுளிக்கிறாங்க" என்று பின்பக்கம் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டாள். அந்த வாரம்தான் அம்மா முதல் முதலாக முடியை நேராக்கிக்கொண்டது. மருந்து வாடை வீடு முழுக்க அடித்தது. மறுநாளே முன்னால் நிற்கவைத்தார்கள். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அதுதான். நீ விரித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றதும், உன்னையும் எவளாவது பின்பக்கம் போகச் சொல்லிவிடுவாளோ என்று அவளுக்குப் பதறிவிட்டது. பதற்றத்தை அவளுக்குத் திட்டாகத்தான் காட்டத் தெரியும், என்னிடமும் அப்படித்தானே.

நீ திரும்பிப்போய்க் கொஞ்ச நாளில் அவளுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. அந்தச் சமயத்தில் நீ குரல் செய்தி அனுப்பினாய், ஞாபகம் இருக்கும். "அம்மா, நான் ஒங்கள எதுத்துக்கிட்டு பண்ணல. என் முடியே இப்படித்தான், ஒங்க முடியும் இப்படித்தான். எப்படிப் பாத்துக்கிறதுன்னு சொல்றேன், ஒரு தடவ கேளுங்க" என்று தொடங்கி, எப்படிக் குளிப்பது, எப்படித் துவட்டுவது, எதைப் பூசுவது என்று வரிசையாக அனுப்பிக்கொண்டே இருந்தாய். அவள் ஒவ்வொன்றுக்கும் ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம் படத்தை அனுப்பினாள். "அம்மா ஒண்ணக்கூட கேக்கலலா" என்று நீ என்னிடம் வருத்தப்பட்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் டயாலிசிஸ் நிலையத்துக்கு அவளைக் கூட்டிவரக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, ஊசி போட்ட கையை நீட்டிவைத்து, இன்னொரு கையால் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அங்கே குமுதா என்று ஒரு தாதி, நல்ல பிள்ளை, "தூங்கல அங்கிள், மக பேசுறத கேக்குறாங்க. வர்றப்பல்லாம் இதேதான். முடிஞ்சா மறுபடி மொதல்லேருந்து போடுவாங்க" என்று சொன்னாள். காரில் ஏறினதும் உன் அம்மா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "என்னாங்க, கண்டிஷனர்னா எது, ஷாம்பு பக்கத்துல வெச்சிருப்பானே அதா?" என்று கேட்டாள். நான் பேசாமல் காரைக் கடைக்குத் திருப்பினேன். பேசினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், எனக்குத் தெரியாதா.

அந்த வருஷம் அவள் ரீபாண்டிங் பண்ணப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பொழுது போகிறவளுக்கு இன்னொரு நாற்காலியில் போய் உட்காரத் தெம்பு இல்லை, முடியும் கொத்துக்கொத்தாகக் கொட்டியது, நேராக்குகிற மருந்து போடவேண்டாம் என்று குமுதாவும் சொன்னாள். ஊசி போடுகிற கையை அழுத்தக்கூடாது என்பதால் அவளால் தலைக்குக் குளித்துத் துவட்ட முடியாது. ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது. குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்து, உன் குரலைச் சத்தமாகப் போட்டுவிட்டு, நீ சொல்லச் சொல்ல நான் செய்வேன். ஈரமாக இருக்கும்போதே சிக்கெடுக்கணும், காய்ந்தபிறகு சீப்பே படக்கூடாது என்றாய். துண்டால் தேய்க்காதீர்கள், பழைய பனியனில் அள்ளிக் கீழிருந்து மேலாக அமுக்குங்கள் என்றாய். என் பனியன் ஒன்று விடாமல் போயிற்று. ஆளி விதையைக் கொதிக்க வைத்துக் கூழ் எடுக்கச் சொன்னாயே, முதல் தடவை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டேன், சட்டியோடு இறுகிப் போய்விட்டது, கரண்டியை வைத்தால் கரண்டி நிற்கிறது. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்து, "இத தலையில வெச்சா நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்" என்றாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி அவள் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. நோய் வந்தபிறகு எங்கள் வீட்டில் நல்ல நேரம் என்று ஒன்று இருந்தது என்றால் அந்தக் குளியலறையில்தான் இருந்தது.

நேராக்கின முடி கீழே குச்சி மாதிரித் தொங்கும், மேலே புதுசாக வருவது நெளிந்து நெளிந்து வரும். இரண்டும் சேர்ந்து பார்க்க நன்றாக இருக்காது. அவளுக்கு அழுகையாக வரும், விட்டுவிடலாம் என்பாள், மறுநாள் மறுபடி உன் குரலைப் போடுவாள். குச்சி முடியை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். சலூன் பிள்ளைக்குக் காட்ட வெட்கம் அவளுக்கு. கடைசியில் தோள் வரைக்கும் வந்து நின்றது. முழுசும் அவளுடைய சொந்த முடி. உன்னுடையதைப் போலவேதான் பாப்பா, காதுக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு கற்றை மட்டும் வெளியே திரும்பி நிற்குமே, அதே இடத்தில் அவளுக்கும் நின்றது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை, எண்ணெயும் கொண்டை ஊசியும் பார்த்திருக்கிறேன், பிறகு ரீபாண்டிங் பார்த்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு, "ஏங்க, அசிங்கமா இருக்கா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டினது ஆமாம் என்றா இல்லை என்றா என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

உன்னிடம் சொல்லலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அவள் கேட்கவில்லை, படம் எடுக்கவும் விடவில்லை. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவசரமாகத் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வாள், நீ கூட "எப்ப பாத்தாலும் குளிச்சிக்கிட்டே இருக்கிங்கம்மா" என்று கேலி செய்வாய். குளிக்கவில்லை பாப்பா. உனக்குத் தெரியக்கூடாது என்றுதான். தீபாவளிக்கு வருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாயே, அதற்காக வைத்திருந்தாள். "அவ வரட்டும், ஏர்போட்ல நானும் இப்படியே விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். என்னா சொல்றான்னு பாப்போம்" என்றாள். கல்யாணத்தில் திட்டினதைப் பற்றிப் பாப்பாவிடம் ஏதாவது சொல்லேன், மன்னிப்புக் கேளேன் என்றேன். "இதுக்கு மேல என்னா கேக்கணும்?" என்றாள். தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்றுபோனது. அன்றைக்கும் போன் மடியில்தான் இருந்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். நான் போலீஸ் நிலையத்துக்கும் இறப்பைப் பதிகிற இடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். சவ அலங்காரம் செய்கிறவர்கள் அம்மாவின் படம் ஒன்று கேட்டார்களாம். ஜெயபாலன் மாமாவிடம் இருந்தது தஞ்சோங் மாலிமில் உன் பட்டமளிப்பு அன்று எடுத்த படம். சிவப்புப் பட்டு, கோடு போட்ட மாதிரி நேரான முடி. அதைக் கொடுத்துவிட்டார். அவர்களும் படத்தில் இருக்கிற மாதிரியே செய்தார்கள். தலை கலைந்துகிடக்கிறது என்று நினைத்து இஸ்திரி போட்டு முழுசும் நேராக்கிவிட்டார்கள். அக்கறையாகச் செய்தார்கள், அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நான் வந்து பார்க்கிறேன், பெட்டியில் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது, தண்ணீர் பட்டால் திரும்பிவிடும். உள்ளே போய் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துவந்து நின்றேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், வேணாம் மச்சான், எல்லாம் முடிஞ்சிருச்சி, வந்து உக்காருங்க" என்று குவளையை வாங்கிவிட்டார். புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தார் போல. சரி, எண்ணெய் சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டுகிற சடங்கு இருக்கிறதே, அப்போதாவது தலை நனையும் என்று காத்திருந்தேன். மேக்கப் கலைந்துவிடும், விரல் நுனியால் தொட்டுவைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நீ ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கினாய். நேராகப் போய் அந்த முடியைத்தான் தடவினாய். ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேட்டாய், டயாலிசிஸ் பண்ணினால் கொட்டும் என்று மாமா சொன்னார். குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாய். என்ன சொன்னாய் என்பது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

நீ யாருக்கு வாக்குக் கொடுத்தாயோ அது உன் அம்மா இல்லை பாப்பா. உன் அம்மா உன்னை மாதிரி ஆகவேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டாள். நீ இப்போது போய் அவளை மாதிரி ஆகிறேன் என்று அதை அழித்துவிடாதே. அவள் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அந்த முடியோடு எங்கேயாவது ஒரு படம் இருக்குமா என்று முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன், ரோஜாப்பூவும் நீ அனுப்பினவையும்தான் இருக்கின்றன. நான் சொல்வதற்கு என்னிடம் அத்தாட்சி ஒன்றும் இல்லை, நீ அப்பாவை நம்பினால்தான் உண்டு. சந்தேகமாக இருந்தால் குமுதாவின் நம்பரை அனுப்புகிறேன், கேட்டுப் பார். கோபம் வந்தால் என்மேல் கோபித்துக்கொள். அழுகை வந்தால் அழு, ஆனால் சாப்பிட்டுவிட்டு அழு.

திதிக்கு எந்தப் படத்தைப் பெரிசுபண்ணி மாட்டுவது என்று மாமா தினமும் கேட்கிறார். எனக்கு அந்தப் பட்டமளிப்புப் படத்தை மாட்ட மனம் வரவில்லை, ஆனால் அவள் சொந்த முடியோடு எடுத்த படம் ஒன்றும் இல்லை. சரி அதையே மாட்டுங்கள் என்று இன்று காலையில் சொல்லிவிட்டேன்.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. பள்ளியில் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம், இருக்கிற மருந்தே சாப்பிட்டு முடியவில்லை. கல்லுமலை முருகன் உனக்குத் துணையாக இருந்து தீர்க்காயுசையும் நல்ல மனசையும் கொடுக்கட்டும். மறந்துவிடாதே, இதைப் படித்ததும் முதல் வேலையாகச் சலூனுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடு. திதி அன்றைக்கு விளக்கேற்றும்போது படத்துக்குப் பக்கத்தில் உன் முடியை அப்படியே விரித்துவிட்டுக்கொண்டு நில். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துக் கும்பிடட்டும். நான் உன்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
சதாசிவம்